மஞ்சள் காமாலையும் உடலின் காவற்படையும்



மஞ்சள் காமாலை என்ற பெயரைக் கேள்விப்படாத தோட்டக் குடும்பம் ஒன்று இருக்க முடியாது. கண் மஞ்சளித்து, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இறங்கி, சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்று ஒருவர் படுத்துவிட்டால், வீட்டுப் பாட்டி கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். எண்ணெயையும் புளியையும் விலக்கிப் பத்தியம் இருக்கச் சொல்வார். சில வாரங்களில் மஞ்சள் இறங்கும். படுத்தவர் எழுந்து வேலைக்குப் போவார். பெரும்பாலோர்க்குக் கதை அத்தோடு முடிந்துவிடும். ஒரு வகைக் காமாலையில் மட்டும் சிலருக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதற்குக் கல்லீரல் அழற்சி 'பி' என்று பெயர். மருத்துவமனைகளில் ஹெப்படைட்டிஸ் பி என்று சொல்வார்கள்.

இந்நோய் உடம்பில் நிலையாகத் தங்கிவிட்டவர்களைக் குணப்படுத்த, அவர்களுடைய உடலின் சொந்தக் காவற்படையையே தூண்டிவிடும் மருந்துகளை மருத்துவ உலகம் தேடிற்று. அந்தத் தேடல் எப்படித் தொடங்கியது, எங்கே வழி தவறியது, இப்பொழுது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம். கெட்ட தண்ணீராலும் அசுத்தமான உணவாலும் வரும் காமாலை ஒன்று உண்டு. அதனை 'ஏ' வகை என்பார்கள். அது வரும், போகும், உடம்பில் தங்காது. 'பி' வகை இரத்தத்தின் வழியாகவும் உடல் நீர்களின் வழியாகவும் பரவுவது. நோய் உள்ள தாயிடமிருந்து பிறக்கும் வேளையில் பிள்ளைக்கு வரலாம். தாம்பத்திய உறவால் வரலாம். ஒருவர் முகம் மழித்த பிளேடை மற்றவர் எடுத்துக்கொள்வதாலும், கொதிக்க வைத்துத் தூய்மை செய்யாத ஊசியால் காது குத்துவதாலும், பச்சை குத்துவதாலும் வரலாம். ஒரே பானைச் சோற்றை உண்பதால் வராது. ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பதாலும், தோளில் கை போடுவதாலும் வராது. ஆகவே இந்நோய் உள்ளவருக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் போட்டு ஒதுக்கி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், நோய் தங்கிவிட்டவர்களில் மிகப் பலருக்குக் கண் மஞ்சளித்ததே இல்லை. அவர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் நல்ல உடம்போடு வேலை செய்கிறார்கள். உள்ளே கல்லீரல் சிறிது சிறிதாகத் தழும்பேறி இறுகுகிறது. கடைசியில் வயிற்றில் நீர் கோத்து மகோதரமாகிறது, அல்லது ஈரலில் புற்று வைக்கிறது. வயிறு வீங்கி ஒருவர் இறந்தால், "சம்சு குடித்துக் குடித்து ஈரல் வெந்து போயிற்று" என்று ஊரார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். குடி ஈரலைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வாழ்நாளில் ஒரு சொட்டும் குடிக்காத பெண்களும் அதே விதமாக வயிறு வீங்கி இறப்பதுண்டு. பழி சொல்வதற்கு முன் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும்.

அந்தச் சோதனை உலகுக்குக் கிடைத்த விதமே சுவையானது. பாரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் காமாலையைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். ஓர் இன மக்களுக்கு ஒரு நோய் எளிதில் வருகிறது, இன்னோர் இனத்தாருக்கு வருவதில்லை; அதற்கு இரத்தத்தில் என்ன வேற்றுமை இருக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பல நாட்டு மக்களின் இரத்த மாதிரிகளை அவர் சேர்த்து வைத்திருந்தார். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட நியூயார்க் நோயாளி ஒருவரின் இரத்த நீர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்த நீரோடு சேர்ந்ததும், இரண்டும் வினைபுரிந்து ஒரு கோடாகப் படிந்தன. அது 1963-ஆம் ஆண்டு. அங்கே இருந்த அன்னியப் பொருளுக்கு 'ஆஸ்திரேலிய ஆன்டிஜென்' என்று பெயரிட்டு, ஹார்வி ஆல்டர் என்பவரோடு சேர்ந்து 1965-இல் அதனை வெளியிட்டார். அது காமாலைக் கிருமியின் மேலுறையே என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1970-இல் லண்டனில் டேவிட் டேன் என்பவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தக் கிருமியை முழு வடிவில் கண்டார். பிளம்பெர்க்குக்கு 1976-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஆம் நாளைத்தான் இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கொள்கிறார்கள்.

கிருமி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்து ஒரு புதிர் எழுந்தது. இந்தக் கிருமி ஈரலின் உயிரணுக்களுக்குள் குடியிருந்து பெருகுகிறது. ஆனால் குடியிருக்கும் வீட்டை அது தானாக இடிப்பதில்லை. ஈரல் நிறையக் கிருமியை வைத்துக்கொண்டு சுகமாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு ஈரலை அழிப்பது யார்?

விடை வியப்பானது. அழிப்பது நம் உடலின் காவற்படைதான். இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு, கிருமி புகுந்த உயிரணுவை அடையாளம் கண்டு, அதனைக் கிருமியோடு சேர்த்துக் கொன்றுவிடும். ஒரேயடியாக, முழு வேகத்தோடு அது நடந்தால் சில வாரங்கள் காமாலை வந்து கிருமி ஒழிந்துபோகும். ஈரல் மீண்டும் வளர்ந்துகொள்ளும். அரைமனதோடு நடந்தால் கிருமியும் ஒழியாது, சண்டையும் ஓயாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினான் என்று நம்மவர் சொல்வதுண்டு. இங்கே வீடு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிறது, மூட்டைப்பூச்சியோ சாவதில்லை. அப்படி எரிந்த இடமெல்லாம் தழும்பாகிறது.

வயதுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கவனியுங்கள். வளர்ந்த ஒருவருக்கு இக்கிருமி தொற்றினால், 100 பேரில் 95 பேருக்கு மேல் அதனைத் துரத்திவிடுவார்கள். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில், 100-க்கு 90 பேரிடம் அது நிலையாகத் தங்கிவிடுகிறது. காரணம், பிறந்த குழந்தையின் காவற்படை இன்னும் பயிற்சி பெறாதது. முதல் நாளிலிருந்தே வீட்டில் காணும் முகத்தை அது வீட்டாள் என்று எண்ணிக்கொள்கிறது. ஊர் காக்கும் ஜாகா, சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய திருடனுக்குச் சலாம் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இவ்வளவும் முழுமையாகத் தெரியாத காலத்தில் மருத்துவர்கள் எடுத்த வழி வேறு. ஈரல் அழற்சியா? அழற்சியை அடக்கு என்பது அவர்கள் எண்ணம். அதற்கு ஸ்டீராய்டு என்ற மருந்து வகை இருந்தது; பிரெட்னிசோலோன் அவற்றில் ஒன்று. அது காவற்படையை அடக்கி உறங்க வைக்கும். 1971-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில், ஷீலா ஷெர்லாக் என்ற புகழ்பெற்ற ஈரல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் நாட்பட்ட ஈரல் அழற்சி உள்ளவர்களுக்கு இம்மருந்தால் உயிர் நீடிக்கிறது என்று காட்டினார்கள். அது உண்மையே. ஆனால் அந்த நோயாளிகளில் பெரும்பாலோர்க்குக் கிருமியே இல்லை. காவற்படை வீணாகத் தன் ஈரலையே தாக்கும் வேறொரு நோய் அவர்களுக்கு இருந்தது. 'பி' கிருமி உள்ளவர்களுக்கும் அதே மருந்து கொடுக்கப்பட்டது. நோயாளிக்குப் பசி எடுத்தது, உடம்பில் தெம்பு வந்தது, ஈரல் நொதியின் அளவும் இறங்கிற்று. எல்லாம் நன்மை போலவே தோன்றியது.

ஹாங்காங்கில் 'பி' கிருமி உள்ள மக்கள் ஏராளம். அங்குள்ள மருத்துவர்கள் இதனை முறையாகச் சோதித்தார்கள். ஒரு சாராருக்குப் பிரெட்னிசோலோன், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 1981-இல் முடிவு வெளியாயிற்று. ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு நோய் தணியத் தாமதமாயிற்று, தணிந்த நோய் விரைவில் திரும்பிற்று, சிக்கல்களும் சாவும் கூடுதலாக நேர்ந்தன. காவற்படை உறங்கிய நேரத்தில் கிருமி தாராளமாகப் பெருகியிருக்கிறது.

இங்கே சற்று நின்று ஒன்று சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் என்று கைமாற்றாக விற்கப்படும், பதிவு பெறாத பாரம்பரிய மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து உழைப்பவர்களுக்கு அந்த மருந்து அமுதமாகத் தெரியும். தின்ற மறுநாளே வலி பறந்துவிடும். அது வலியைப் பறக்கவிடும் விதம் காவற்படையை உறங்க வைப்பதுதான். 'பி' கிருமி உள்ளவர் ஒருவர் அதனை மாதக்கணக்கில் தின்றால், ஹாங்காங் நோயாளிகளுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரலாம். போத்தலின் மேல் பதிவு எண்ணும் முத்திரையும் இல்லாத மருந்தை, யார் சிபாரிசு செய்தாலும் வாங்காதிருப்பது நல்லது.

அடக்குவது தவறு என்றால், தூண்டுவது சரியாக இருக்குமோ? இந்த எண்ணத்திற்கு உயிர் கொடுத்த பொருள் அதற்கு வெகு காலத்திற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. லண்டனில் மில் ஹில் என்ற இடத்தில் உள்ள தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், அலிக் ஐசக்ஸ் என்பவரும், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ழான் லிண்டன்மன் என்ற இளைஞரும் கோழி முட்டைச் சவ்வுகளை வைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். ஒரு வைரஸ் புகுந்த உயிரணுவில் இன்னொரு வைரஸ் எளிதில் புக முடிவதில்லை என்பது முன்பே தெரிந்த செய்தி. ஏன் என்பதுதான் தெரியாது. அவர்கள் சூட்டினால் செயலிழந்த சளிக்காய்ச்சல் வைரசைச் சவ்வுத் துண்டுகளோடு ஊறவைத்தார்கள். பின்பு அந்த நீரை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளின் மேல் விட்டார்கள். அந்தப் புதிய சவ்விலும் வைரஸ் வளரவில்லை! அப்படியானால் தாக்கப்பட்ட உயிரணு ஏதோ ஒரு பொருளை வெளியிட்டு, அக்கம் பக்கத்தாரை எச்சரிக்கிறது என்றாகிறது. குறுக்கிட்டுத் தடுப்பதால் அதற்கு இண்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். 1957-ஆம் ஆண்டு, நம் நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு, இச்செய்தி வெளியாயிற்று.

லயத்தில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தால், அந்த வீட்டார் கூச்சலிட, மற்ற வீட்டார் கதவைத் தாழிட்டுக்கொள்வார்கள் அல்லவா? இண்டர்ஃபெரான் அந்தக் கூச்சல்தான். அதனைக் கேட்ட உயிரணுக்கள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் பொருள்களைத் தமக்குள் தயாரித்துக்கொள்கின்றன. இன்னொரு வேலையும் அது செய்கிறது. கிருமி புகுந்த உயிரணு, தன்னுள் இருக்கும் கிருமியின் துணுக்குகளைத் தன் மேற்புறத்தில் நன்றாகத் தெரியும்படி எடுத்துக்காட்ட அது தூண்டுகிறது. காவற்படை அதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறது. 'பி' கிருமியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வேலையே மிகவும் வேண்டப்படுவது.

பொருள் கிடைத்தது, ஆனால் போதிய அளவு கிடைக்கவில்லை. ஐசக்ஸ் 1967-இல் தம் 45-ஆவது வயதில் இறந்தபோது, இண்டர்ஃபெரானில் நம்பிக்கை வைத்தவர்கள் சிலரே. பின்லாந்து நாட்டில் கரி காண்டெல் என்பவர் மட்டும் விடாமல் உழைத்தார். செஞ்சிலுவைச் சங்கத்தில் மக்கள் தானமாகக் கொடுத்த இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, அவற்றை ஒரு வைரசால் சீண்டி, அவை வெளியிடும் இண்டர்ஃபெரானைச் சேர்த்தார். ஆயிரக்கணக்கானோர் கொடுத்த இரத்தத்திலிருந்து கிடைத்தது இம்மியளவு. அதிலும் 100-இல் ஒரு பங்குகூடத் தூய்மையானதாக இல்லை. 1970களில் உலகில் நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை இந்தச் சிறிய நாட்டின் இரத்ததானத்தை நம்பியே நடந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். யாரோ முகம் தெரியாத பின்லாந்துத் தொழிலாளி கொடுத்த இரத்தம், கடல் கடந்து வேறொருவருக்கு மருந்தாயிற்று.

1976-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் மெரிகன், வில்லியம் ராபின்சன் ஆகியோரின் குழு, நாட்பட்ட 'பி' அழற்சி உள்ள ஒரு சில நோயாளிகளுக்கு இந்த இண்டர்ஃபெரானைக் கொடுத்தது. இரத்தத்தில் கிருமியின் அளவு மளமளவென்று இறங்கிற்று. மருந்தை நிறுத்தியதும் சிலருக்கு மீண்டும் ஏறிற்று. இருந்தாலும், அசையவே அசையாது என்று கருதப்பட்ட கிருமி முதல் முறையாக அசைந்துகொடுத்தது.

பஞ்சம் தீர்ந்தது 1980-இல். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரைச் சேர்ந்த சார்ல்ஸ் வைஸ்மன் என்பவரும் அவருடைய குழுவினரும், மனித இண்டர்ஃபெரானுக்குரிய மரபணுவை எடுத்து ஒரு சாதாரண பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அந்தப் பாக்டீரியாவையே இண்டர்ஃபெரான் தயாரிக்க வைத்தார்கள். மோருக்கு உறை ஊற்றுவது போல, பெருந் தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்து மருந்தைப் பிரித்தெடுக்கலாம் என்றாயிற்று. அக்காலப் பத்திரிகைகள் புற்றுநோய்க்கே முடிவு வந்துவிட்டது என்று எழுதின. அவ்வளவு பெரிய அற்புதம் நடக்கவில்லை. ஆனால் ஈரல் மருத்துவர்களுக்கு வேண்டிய மருந்து கைக்கு வந்தது.

1990-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. நாள்தோறும் 50 இலட்சம் யூனிட் இண்டர்ஃபெரான் ஊசியை 16 வாரங்கள் போட்டுக்கொண்டவர்களில், 100-க்கு 37 பேருக்குக் கிருமி பெருகும் அடையாளங்கள் இரத்தத்தில் மறைந்தன. ஊசி போடாதவர்களில் 100-க்கு 7 பேருக்கே அவ்வாறு நேர்ந்தது. 1992-இல் அமெரிக்க அரசு இந்நோய்க்கு இம்மருந்தை அனுமதித்தது. நாட்பட்ட 'பி' அழற்சிக்கு உலகில் அனுமதி பெற்ற முதல் தலைமுறை மருந்து இதுவே.

மூன்றில் ஒருவர்தானா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், மூன்றில் ஒருவர்தான். மற்ற இருவர், பயன் இல்லாமல் துன்பத்தை மட்டும் அனுபவித்தார்கள். அந்தத் துன்பமும் கொஞ்சமன்று. ஊசி போட்ட அன்று மாலை குளிர் காய்ச்சல் அடிக்கும். உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். நமக்குச் சளிக்காய்ச்சல் வரும்போது தோன்றும் வலியும் நடுக்கமும் பெரும்பாலும் நம் உடல் தானே சுரக்கும் இண்டர்ஃபெரானின் வேலைதான். ஆகவே ஊசியும் அதையே செய்கிறது. முடி உதிரும், வெள்ளை அணுக்கள் குறையும். சிலருக்கு மனம் காரணமில்லாமல் இருண்டு, வாழ்க்கையே வெறுத்துப் போகும். இந்தக் கடைசித் தொல்லையை வீட்டார் கண்டுகொள்ளாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஊசி போட்டுக்கொள்பவர் பேச்சைக் குறைத்து மூலையில் ஒடுங்கினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு விந்தையும் உண்டு. மருந்து பலிக்கும் நோயாளிக்கு, சிகிச்சையின் நடுவில் ஈரல் நொதி இறங்குவதற்குப் பதில் திடீரென்று ஏறும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நோய் முற்றிவிட்டது போல் இருக்கும். உண்மையில் உறங்கிக்கிடந்த படை எழுந்து, கிருமி உள்ள உயிரணுக்களைத் தேடித் தேடி அழிக்கத் தொடங்கியிருக்கிறது. ஈரல் இன்னும் வலுவாக இருந்தால் அந்த அடியைத் தாங்கும். ஏற்கெனவே சுருங்கி, வயிற்றில் நீர் கோத்துவிட்டவருக்கு அந்த அடியே கடைசி அடியாகலாம். ஆகவேதான் அத்தகையவர்களுக்கு இண்டர்ஃபெரான் கொடுப்பதில்லை. கருவுற்ற பெண்களுக்கும் கொடுப்பதில்லை.

ஆசிய நாட்டாருக்கு இதில் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. 1987-இல் ஹாங்காங்கில், பிறப்பிலோ சிறு வயதிலோ கிருமி தொற்றிய சீனக் குழந்தைகளுக்கு இண்டர்ஃபெரான் கொடுத்துப் பார்த்ததில், குறிப்பிடத்தக்க பயன் இல்லை. மேல்நாடுகளில் பெரும்பாலோர்க்கு நோய் வளர்ந்த வயதில் வருகிறது. அவர்களின் படை அரைத்தூக்கத்தில் இருக்கிறது. ஊசி அதனைத் தட்டி எழுப்பிவிடும். நம் பக்கத்து நாடுகளில் பெரும்பாலோர்க்குத் தொட்டிலிலேயே தொற்றிவிடுகிறது. அவர்களின் படை உறங்கவில்லை. விழித்துக்கொண்டே, இவன் நம்மவன் என்று சும்மா இருக்கிறது. எவ்வளவு கூச்சலிட்டாலும் அது வாளை உருவுவதில்லை. ஈரல் நொதி ஏறியவர்களுக்கு, அதாவது படை ஓரளவாவது சண்டையில் இறங்கியவர்களுக்கு மட்டும் இம்மருந்து பயன் தருகிறது என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

கீழாநெல்லியை நாம் மறந்துவிடவில்லை. பிளம்பெர்க்கும் மறக்கவில்லை! சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் அவர்களும் அவருடைய குழுவினரும், பிளம்பெர்க்கோடு சேர்ந்து நடத்திய சோதனை 1988-இல் லண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் மேலுறை மறைந்துவிட்டது. வெறும் மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. நம் பாட்டிமாரின் செடி லண்டன் வரை போய்விட்டது என்று தமிழர்கள் பூரித்தார்கள். ஆனால் விஞ்ஞானத்தில் ஓர் ஊரில் கண்டதை மற்ற ஊரிலும் காண வேண்டும். 1990-இல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை. பின்னர் வேறு நாடுகளிலும் முதல் முடிவைப் போல் கிடைக்கவில்லை. இன்றுவரை நாட்பட்ட 'பி' அழற்சியைக் கீழாநெல்லி ஒழிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் கண்ட காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே ஆறக்கூடியவை; ஆறிய பெருமை செடிக்குப் போயிற்று. ஆகவே மோரில் கலந்து குடிப்பவர் குடிக்கட்டும், இரத்தச் சோதனையை மட்டும் அதன் பேரால் தள்ளிப்போட வேண்டாம் என்பதே நம் கருத்து.

பிந்திய செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். காவற்படையின் பயிற்சிக்கூடமான தைமஸ் சுரப்பியிலிருந்து கண்டெடுத்த தைமோசின் என்ற பொருளையும் சிலர் பயன்படுத்திப் பார்த்தார்கள். சில நாடுகளில் அது அனுமதி பெற்றது, ஆனால் முடிவுகள் ஒரே மாதிரி அமையவில்லை. இண்டர்ஃபெரானோடு பாலிஎதிலின் கிளைக்கால் என்ற பொருளைப் பிணைத்தபோது, அது உடம்பில் பல நாள் தங்கிற்று. நாள்தோறும் குத்திய ஊசி வாரம் ஒன்றாகக் குறைந்தது. 2005-இல் இதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 48 வாரங்கள் போட்டுக்கொண்டு, மேலும் 24 வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, 100-க்கு 32 பேருக்குக் கிருமி அடங்கும் அறிகுறி நிலைத்திருந்தது. மேலுறையும் மறைந்து முழு வெற்றி கண்டவர்கள் 100-க்கு ஏறத்தாழ 3 பேர்தான்.

இதற்கிடையில் வேறு வழி மருந்து வந்தது. காவற்படையைச் சீண்டாமல், கிருமி தன்னைப் படியெடுக்கும் வேலையை மட்டும் தடுக்கும் மாத்திரைகள் அவை. 1998-இல் வந்த லாமிவுடின் நல்ல மருந்துதான். ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் 100-க்கு 70 பேர் வரையில் கிருமி உருமாறி அதற்கு மசியாமல் போயிற்று. 2005-இல் வந்த எண்டெகாவிரும், 2008-இல் வந்த டெனோஃபோவிரும் அந்தக் குறையை வெகுவாக நீக்கின. நாளுக்கு ஒரு மாத்திரை, தொல்லை குறைவு, சுருங்கிய ஈரல் உள்ளவருக்கும் கொடுக்கலாம். ஆகவே இன்று பெரும்பாலோர் பெறுவது மாத்திரைதான். இண்டர்ஃபெரான் தகுந்த சிலருக்கு மட்டும். மாத்திரையில் ஒரு சங்கடம்: பல ஆண்டுகள், பலருக்கு வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தானாக நிறுத்திவிட்டால், அடங்கியிருந்த கிருமி சீறி எழுந்து ஈரலைச் சில வாரங்களில் குலைத்துவிடக்கூடும்.

படைக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்துவிட்டால் இத்தனை பாடும் இல்லை. அதுதான் தடுப்பூசி. அது 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1984-இல் தைவான், நோயுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கி, 1986-இல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவுபடுத்திற்று. சில ஆண்டுகளிலேயே அங்கே சிறுவர்களிடையே ஈரல் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சிங்கப்பூர் 1987-இலும், மலேசியா 1989-இலும் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கத் தொடங்கின. பள்ளியில் நாங்கள் பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் அதற்குப் பின் பிறந்தவர்கள். அவர்களின் தாத்தா பாட்டியரும், பெற்றோரில் வயது முதிர்ந்தவர்களும் அதற்கு முன் பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பாதுகாப்புத் தொட்டிலில் கிடைக்கவில்லை. அரசாங்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ ஒரு சிறிது இரத்தம் கொடுத்தால் கிருமி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-இல் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேருக்கு இந்த நாட்பட்ட தொற்று இருந்தது. அந்த ஓராண்டில் 11 இலட்சம் பேர் இதனால் இறந்தனர். பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

கடைசியாக ஒன்று. கிருமி ஒழிந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும், அதன் விதை போன்ற ஒரு மூலப்படி ஈரல் உயிரணுவின் உட்கருவுக்குள் பதுங்கியிருக்கும். ஊசியாலும் மாத்திரையாலும் அதனை முற்றாகப் பிடுங்க இன்னும் முடியவில்லை. காவற்படை விழித்திருக்கும் வரை அது தலைதூக்குவதில்லை. ஆனால் புற்றுநோய்க்கும், மூட்டு வாத நோய்க்கும் இன்று கொடுக்கப்படும் சில வலிய மருந்துகள், அந்தக் காவற்படையை அடக்கித்தான் வேலை செய்கின்றன. எப்போதோ ஆறிப்போன 'பி' தொற்று, அம்மருந்துகளால் மீண்டும் கிளம்பிச் சிலர் இறந்தும் இருக்கிறார்கள். ரிட்டுக்சிமாப் என்ற மருந்தின் உறையில் இதைப் பற்றிய கடுமையான எச்சரிக்கையை 2013-இல் அமெரிக்க அதிகாரிகள் சேர்க்கச் சொன்னார்கள். இத்தகைய சிகிச்சைக்கு முன் 'பி' கிருமிக்காக இரத்தம் எடுப்பதும், "முன்பு எப்போதாவது காமாலை வந்ததுண்டா? வீட்டில் யாருக்காவது ஈரல் நோய் உண்டா?" என்று மருத்துவர் கேட்பதும் இதற்காகத்தான். முப்பது ஆண்டுக்கு முந்திய செய்திதானே என்று எண்ணாமல், நினைவில் உள்ளதை எல்லாம் அவரிடம் சொல்லுங்கள்.